கப்பலுக்கு வரிசை உண்டு, கலாசிக்கு இல்லை

சென்ற மாதம் ஒரு கருத்தரங்கிற்குப் போயிருந்தேன். யார் நடத்தியது, பேசியவர் யார் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். பிரச்சினை ஒரு ஆள் அல்ல, ஒரு வாதம். காலனியத் துறைமுகங்களைப் பற்றி மூத்த பேராசிரியர் ஒருவர் உரையாற்றினார். நன்றாகத்தான் பேசினார். முடிக்கும்போது சொன்னார்: “ஊரில் தொடக்கூடாதவன் துறைமுகத்தில் எல்லோரோடும் சேர்ந்து ஒரே வடத்தைப் பிடித்து இழுத்தான். சாதியைப் பெரியார் ஒழித்தாரா, அம்பேத்கர் ஒழித்தாரா என்று நீங்கள் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். அதை ஒழிக்க ஆரம்பித்தது நீராவிக் கப்பல்.”

அரங்கம் சிரித்தது, கைதட்டியது. நான் கையைத் தூக்கினேன். “ஐயா, அந்த வடத்தைப் பிடிக்க ஆளைப் பொறுக்கி எடுத்தது யார்?” என்று கேட்டேன். நேரமாகிவிட்டது, தேநீர் இடைவேளையில் பேசலாம் என்றார்கள். தேநீர் இடைவேளையில் அவர் கிளம்பிவிட்டார்.

விடுமுறைக்குப் புளியஞ்சோலைக்கு வந்து உட்கார்ந்து இதை எழுதுகிறேன். துறையூர்ப் பக்கம், கொல்லிமலை அடிவாரம். ஞாயிற்றுக்கிழமைகளில் வேன் பிடித்து அய்யாற்றில் குளிக்க வருபவர்களுக்கு இந்த ஊர் தெரியும். ஊருக்குப் பின்னால் இருக்கிற எங்கள் சேரி தெரியாது. கடலுக்கும் இந்த ஊருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் எங்கள் வீட்டுத் தகரப்பெட்டியில் ஒரு பித்தளை வில்லை இருக்கிறது. அதில் பெயர் இல்லை, ஒரு எண் மட்டும். என் தாத்தா கிழக்குக் கரைத் துறைமுகம் ஒன்றில் முப்பது வருடத்துக்கு மேல் மூட்டை தூக்கியதற்கு எங்களிடம் இருக்கும் ஒரே சாட்சி அது. நான் முனைவர் பட்டத்துக்குத் துறைமுகத் தொழிலாளர்களை எடுத்துக்கொண்டதற்குக் காரணமும் அந்த வில்லைதான்.

பேராசிரியருக்குச் சொல்ல நினைத்த பதிலை உங்களிடம் சொல்கிறேன், தோழர்களே.

துறைமுகமே இல்லாத துறைமுக நகரம்

சென்னைக்கு இயற்கையான துறைமுகம் கிடையாது. இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் கம்பெனிக் கப்பல்கள் கரையிலிருந்து ஒரு மைல், இரண்டு மைல் தள்ளித் திறந்த கடலில் நங்கூரம் போட்டு நின்றன. அங்கிருந்து ஆளையும் சரக்கையும் அலையைத் தாண்டிக் கரைக்குக் கொண்டுவந்தவை மசூலா படகுகளும் கட்டுமரங்களும். மசூலா படகில் ஒரு ஆணி இருக்காது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். ஆணி அடித்த ஐரோப்பியப் படகு சென்னை அலையில் மோதினால் உடைந்துபோகும், தைத்த படகு வளைந்து கொடுக்கும். கரையோர மீனவ மக்களின் தொழில்நுட்பம் இது. வெள்ளைக்காரர்களின் பயணக் குறிப்புகள் இந்தப் படகை வியந்து எழுதுகின்றன. அதைத் தைத்தவர்களை, ஓட்டியவர்களைத் திருடர்கள், முரடர்கள் என்று எழுதுகின்றன.

கடற்கரையில் ‘மாஸ்டர் அட்டெண்டன்ட்’ என்ற அதிகாரி இருந்தார். எந்தக் கப்பல் எங்கே நிற்கலாம், அலை தாங்குமா, படகு போகலாமா என்று கொடிமரத்தில் கொடி ஏற்றிச் சொல்வது அவர் அலுவலகம். படகுக்கு எண், படகுக்கு உரிமம், நடைக்கு இவ்வளவு கூலி என்று எல்லாவற்றுக்கும் விதி இருந்தது.

1861இல் இரும்புத் தூண்கள் மேல் ஒரு பாலம் கடலுக்குள் நீண்டது. 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் வந்து துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார். கடலுக்குள் இரண்டு சுவர்க் கைகளை நீட்டி நடுவே அமைதியான குளம் ஒன்றை உண்டாக்குவது திட்டம். வேலை முடியும் தறுவாயில், 1881 நவம்பரில் புயல் வந்து சுவர்களைப் பெயர்த்துப் போட்டது. மீண்டும் கட்டி முடிக்க 1890களின் நடுப்பகுதி ஆகிவிட்டது. அப்போதும் வாசல் நேரே கிழக்குப் பார்த்து இருந்ததால் அலை உள்ளே வந்தது, மணல் அடைத்தது. 1904இல் பொறுப்புக்கு வந்த பிரான்சிஸ் ஸ்பிரிங் அந்த வாசலை மூடி வடகிழக்கில் வேறு வாசல் திறந்தார். இன்றும் அவரைச் சென்னைத் துறைமுகத்தின் தந்தை என்பார்கள்.

இதெல்லாம் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. புத்தகங்கள் இங்கேயே நின்றுவிடுகின்றன. குளம் கட்டியாயிற்று. அந்தக் குளத்தில் கப்பலை நிறுத்தியது யார்?

வடத்தின் இரண்டு முனைகள்

ரயிலில் பெர்த் என்றால் நமக்குத் தெரியும். கப்பலுக்கும் பெர்த் உண்டு. கப்பல் அணைந்து நிற்கும் இடம் அது. ரயில் பெர்த் எல்லாம் ஒரே அளவு, கப்பல் அப்படி இல்லை. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு நீளம், நீருக்குள் இறங்கும் ஆழம் வேறு, சரக்கு வேறு. மண்ணெண்ணெய் ஏற்றியது தள்ளி நிற்க வேண்டும். நிலக்கரிக்குப் பக்கத்தில் துணி மூட்டை நிற்கக்கூடாது. தபால் கப்பல் காத்திருக்கக்கூடாது. சிறிய குளத்தில் இத்தனையையும் பொருத்துவது சதுரங்கம் மாதிரியான வேலை. ஹார்பர் மாஸ்டர் அலுவலகம் நாள்தோறும் அந்தச் சதுரங்கத்தை ஆடியது. எந்தக் கப்பல் எப்போது வந்தது, எவ்வளவு ஆழம், எத்தனை டன், எந்த மிதவையில் கட்டியது, எப்போது அவிழ்த்தது எல்லாம் பதிவேட்டில் இருக்கும்.

காலனியத் துறைமுகத்தின் ஆரம்ப காலத்தில் பெரும்பாலான கப்பல்கள் கரைச் சுவரில் அணையவில்லை. குளத்தின் நடுவே, அடியில் கனமான நங்கூரம் போட்டுச் சங்கிலியால் பிணைத்த மிதவைகளில் கட்டி நிறுத்தினார்கள். திறந்த கடலில் ஒற்றை நங்கூரத்தில் கப்பல் காற்றுக்குத் தகுந்தபடி வட்டமடிக்கும். குளத்துக்குள் அதற்கு இடம் இல்லை. ஆகவே முன்னால் ஒரு மிதவை, பின்னால் ஒரு மிதவை, இரண்டிலும் கட்ட வேண்டும்.

எப்படிக் கட்டுவது? கப்பல் மெதுவாக வரும். மேலே பைலட் நிற்பார். காலனிய காலத்தில் பெரும்பாலும் வெள்ளைக்காரர். கீழே படகில் கலாசிகள் காத்திருப்பார்கள். மேலிருந்து மெல்லிய கயிறு ஒன்றை வீசுவார்கள். அதன் வாலில் கை தடிமன் வடம் கட்டியிருக்கும். படகில் இருப்பவர்கள் அதை இழுத்து மிதவைக்குக் கொண்டுபோவார்கள். ஒருவர் படகிலிருந்து மிதவை மேல் தாவுவார். அது உருளும், வழுக்கும். அதன் மேல் நின்றபடி வளையத்தில் வடத்தை மாட்டிப் பூட்ட வேண்டும். பூட்டிய உடனே, வடம் இறுகுவதற்குள், திரும்பிப் படகுக்குத் தாவ வேண்டும். தாமதித்தால் கை போகும். வடம் அறுந்தால் அது சாட்டை மாதிரித் திரும்பி வரும். எதிரில் நிற்பவர் உடம்பு தாங்காது.

சென்னைத் துறைமுகத்தில் இன்னொரு சிக்கல். குளத்துக்குள்ளும் கடலின் நீண்ட அசைவு வந்துகொண்டே இருக்கும். கட்டிய கப்பல் முன்னும் பின்னும் இழுக்கும், வடங்கள் தெறிக்கும். புயல் எச்சரிக்கை வந்தாலோ நிலைமை இன்னும் மோசம். உள்ளே நிற்கும் கப்பல்கள் சுவரில் மோதாமல் இருக்கத் திறந்த கடலுக்குப் போய்விட வேண்டும். எல்லோரும் வீட்டுக்கு ஓடும் நேரத்தில் கலாசி மிதவைக்குப் போய் வடத்தை அவிழ்த்துவிட வேண்டும்.

என் தாத்தாவின் அண்ணன் அந்த வேலை பார்த்தவர். நான் பார்க்கும்போது அவர் வலது கையில் மூன்று விரல்கள்தான் இருந்தன. மற்ற இரண்டும் எங்கே தாத்தா என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். “கப்பல கட்டிப்போட்டுட்டு வந்தன்ல, அதுக்கு முடிச்சா வெச்சிட்டு வந்துட்டேன்” என்பார்.

அந்தக் கப்பல் எத்தனை டன், எத்தனை அடி ஆழம் என்பதைப் பதிவேட்டில் தேடிக் கண்டுபிடித்துவிடலாம். விரல் யாருடையது என்று எந்தப் பதிவேட்டிலும் தேட முடியாது. நிர்வாக அறிக்கைகளில் கப்பல்களுக்குப் பெயர் உண்டு, பொறியாளர்களுக்குப் பெயர் உண்டு, மண் வாரும் இயந்திரத்துக்குக்கூடப் பெயர் உண்டு. மனிதர்கள் ‘கூலிகள்’ என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடுகிறார்கள்.

வாசலில் நின்ற விரல்

இப்போது பேராசிரியரின் வாதத்துக்கு வருவோம். ஒரே வடத்தை எல்லோரும் பிடித்தார்கள் என்றார். பிடித்திருக்கலாம். வடத்துக்கு வந்து சேர்ந்த வழி என்ன?

தாத்தா ஊரைவிட்டுப் போனது சுதந்திரம் வந்த அடுத்த வருடம். பதினெட்டு வயது. விடியற்காலை நான்கு மணிக்குத் துறைமுக வாசலில் நிற்க வேண்டும். முந்நூறு பேர் நிற்பார்கள். மேஸ்திரி வருவார். பேச மாட்டார், விரலை நீட்டுவார். நீ, நீ, நீ. நீட்டப்பட்டவர்கள் உள்ளே, மற்றவர்கள் வெளியே. வெளியே நிற்பவர்கள் அடுத்த கப்பல் வரும்வரை அங்கேயே கிடக்க வேண்டும், அதற்குக் காசு கிடையாது. விரல் யாரை நோக்கி நீளும்? மேஸ்திரியின் ஊர்க்காரர், சொந்தக்காரர், சாதிக்காரர், நேற்றைய கூலியில் பங்கு கொடுத்தவர். கடைசியாக மிச்ச சொச்சம் இருந்தால் தாத்தாவைப் போன்றவர்கள். அப்படிக் கிடைப்பதும் யாரும் தொட விரும்பாத சரக்காக இருக்கும்: நிலக்கரி, எலும்பு, பதப்படுத்தாத தோல்.

“நம்ம ஊர்ல மலையில இருந்து பலாப்பழம் எறங்குறப்ப ஏவாரி வந்து சொமைக்கு ஆள் பொறுக்குவான் பாரு, அதே வெரலுதான்டா அங்கயும். இங்க ஆறு, அங்க கடலு, அவ்ளோதான்” என்பார் தாத்தா.

ஒரே குளத்தில் இரண்டு ஏற்பாடுகள் நடந்ததைக் கவனியுங்கள். கப்பலுக்கு வரிசை, பதிவேடு, முறை, விதி. கப்பல் காத்திருந்தால் அதற்கு ‘டெமரேஜ்’ என்று நஷ்ட ஈடு. மனிதனுக்கு வரிசை இல்லை, முறை இல்லை, காத்திருந்தால் பட்டினி. நவீனம் துறைமுகத்துக்கு வரவில்லை என்று நான் சொல்லவில்லை. வந்தது. அது மிதவைக்கு வந்தது, வாசலுக்கு வரவில்லை. நிர்வாகம் வேண்டுமென்றேதான் வாசலை மேஸ்திரியிடம் விட்டுவைத்தது. கூலி ஆளைத் திரட்டுவது, அடக்குவது, சண்டையைத் தீர்ப்பது, வேலைநிறுத்தம் வந்தால் உடைப்பது என எல்லாவற்றையும் சாதியும் ஊர்க்கட்டும் இலவசமாகச் செய்துகொடுக்கும்போது வெள்ளைக்காரன் ஏன் பதிவேடு போட்டுச் செலவு செய்வான்?

இயந்திரம் வந்தால் சாதி கரையும் என்பது பேராசிரியரின் சொந்தச் சரக்கு அல்ல. ரயில் கொண்டுவரும் தொழில்கள் சாதிக்கு அடிப்படையான பரம்பரை வேலைப் பிரிவினையைக் கலைத்துவிடும் என்று 1853இல் கார்ல் மார்க்ஸே எதிர்பார்த்து எழுதினார். அவர் லண்டனில் உட்கார்ந்து எதிர்பார்த்தார், மன்னிக்கலாம். நடந்ததைப் பார்த்த பிறகும் அதையே சொல்பவர்களை எப்படி மன்னிப்பது? பம்பாயின் பஞ்சாலைகள் ஆசியாவின் மிக நவீனமான ஆலைகளில் சேர்ந்தவை. அங்கே கூலி அதிகமுள்ள நெசவுப் பிரிவில் தலித்துகளுக்கு இடமில்லை. நாடாவில் நூல் கோக்க வாயால் உறிஞ்ச வேண்டும், தீட்டாகிவிடுமாம். 1928 வேலைநிறுத்தத்தின்போது அம்பேத்கர் இதைக் கேள்வியாக எழுப்பினார். சாதி வேலையை மட்டும் பிரிப்பதில்லை, வேலை செய்பவர்களையே ஒருவர் மேல் ஒருவராக அடுக்குகிறது என்று பின்னால் 1936இல் அவர் விளக்கியதற்கு இந்த அனுபவமும் உரம்.

சென்னைக்கு வாருங்கள். 1921, பக்கிங்ஹாம் கர்னாடிக் ஆலை வேலைநிறுத்தம். ஒரே கூரையின் கீழ் வேலை செய்தவர்கள்தான். கையிருப்பு எதுவும் இல்லாத ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் பலர் வேலைக்குத் திரும்பியபோது அதை நிர்வாகத்தோடு பேசித் தீர்க்கவில்லை, புளியந்தோப்பின் குடிசைகளில் தீர்த்தார்கள். புளியஞ்சோலைக்காரனுக்குப் புளியந்தோப்பு எரிந்த கதை புரியும். ஆலைச் சங்கு எல்லோருக்கும் ஒன்றாக ஊதினாலும் எரிந்த வீடு யாருடையது என்பதில் குழப்பம் வரவில்லை.

கடல் கடந்தும் இதே கதைதான். ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களில் பெரும்பான்மையினர் மேஸ்திரிகள் வழியே போன தெலுங்குக் கூலிகள். 1930 மே மாதம் கூலி உயர்வு கேட்டு வேலையை நிறுத்தினார்கள். நிர்வாகம் பர்மியர்களைக் கூப்பிட்டது. பிறகு வேலைநிறுத்தம் முடிந்ததும் பர்மியர்களை வெளியே போ என்றது. ஏழையும் ஏழையும் வெட்டிக்கொண்டதில் நூற்றுக்கும் அதிகமானோர் செத்தார்கள், அவர்களில் பெரும்பாலோர் நம் பக்கத்துக் கூலிகள். விரல் நீட்டி ஆள் எடுக்கும் வாசலில் பக்கத்தில் நிற்பவன் தோழனாக இருக்க முடியாது, போட்டியாளனாகத்தான் இருக்க முடியும்.

பதிவேடு வந்த கதை

மாற்றியது எது? நீராவி அல்ல.

லண்டன் துறைமுகத் தொழிலாளிகளும் இதே மாதிரி வாசலில் நின்றவர்கள்தான். 1889இல் அவர்கள் நடத்திய பெரிய வேலைநிறுத்தம் உலகம் முழுவதும் பேசப்பட்டது. அதற்குப் பிறகும் ஐம்பது வருடங்களுக்கு மேல் போராடி, 1947இல்தான் பதிவு பெற்ற தொழிலாளிக்கு உத்தரவாதம் தரும் திட்டம் அங்கே முழுமையாக வந்தது. இந்தியாவில் தொழிலாளர் நிலை பற்றிய ராயல் கமிஷன் 1931இல் கொடுத்த அறிக்கை, துறைமுகத் தொழிலாளர்களைப் பதிவு செய்து முறைப்படி வேலை தர வேண்டும் என்றது. அறிக்கை அலமாரியில் தூங்கியது. தொழிற்சங்கங்களின் நெருக்குதலால் 1948இல் துறைமுகத் தொழிலாளர் வேலை ஒழுங்குமுறைச் சட்டம் நிறைவேறியது. அப்போது தொழிலாளர் அமைச்சர் ஜகஜீவன் ராம். அதற்கு முன் 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் கவுன்சிலில் அந்தத் துறையைப் பார்த்தவர் அம்பேத்கர். நாட்டின் தொழிலாளர் சட்டங்கள் உருவான அந்தப் பத்தாண்டில் அந்த நாற்காலியில் அடுத்தடுத்து இரண்டு தலித்துகள் உட்கார்ந்திருந்தார்கள் என்பதை நம் பாடப்புத்தகங்கள் அழுத்திச் சொல்வதில்லை.

1950களின் தொடக்கத்தில் பம்பாய், கல்கத்தா, சென்னை என்று டாக் லேபர் போர்டுகள் வந்தன. கப்பலில் சரக்கு ஏற்றி இறக்குபவர்களுக்குப் பதிவேடு. ஆளுக்கு ஒரு எண். வேலை சுழற்சி முறையில். மாதத்துக்குக் குறைந்தபட்சம் இத்தனை நாள் கூலி உறுதி. வேலைக்கு வந்து நின்று வேலை இல்லாமல் திரும்பினால் அதற்கும் ஒரு படி. அந்தப் படிக்கு விதிமுறையில் வைத்திருந்த ஆங்கிலப் பெயரைத் தமிழில் சொன்னால் ‘ஏமாற்றக் காசு’. ஏமாந்து திரும்புவதற்குக் காசு! சிரிக்காதீர்கள். கப்பலுக்கு அதுவரை இருந்த டெமரேஜ் மனிதனுக்கும் வந்தது என்று அர்த்தம். அவனுடைய நேரத்துக்கும் விலை உண்டு என்று அரசாங்கம் முதன்முதலாக எழுத்தில் ஒப்புக்கொண்டது.

தாத்தா அந்த வில்லையைப் பற்றிச் சொன்னதை நான் ஒலிப்பதிவு செய்து வைத்திருக்கிறேன். “ஊர்ல எனக்குப் பேரு இருந்துச்சு. பேரச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்ல, டேய்னுதான். அங்க பேரு இல்ல, நம்பரு. ஆனா என் நம்பர் வந்தா மேஸ்திரியே கூப்பிட்டுத்தான் ஆகணும். அவனுக்குப் புடிக்கலன்னாலும் கூப்பிடணும்.”

அந்த எண்ணைக் காட்டிக் கடன் வாங்கி இங்கே ஓட்டு வீடு கட்டினார். அப்பா பள்ளிக்கூடம் போனார். நான் இன்று கருத்தரங்கில் கையைத் தூக்குகிறேன்.

போர்டு வந்ததும் சொர்க்கம் வந்தது என்று சொல்ல மாட்டேன். பதிவேட்டில் முதலில் ஏறியவர்கள் ஏற்கெனவே மேஸ்திரிக்கு வேண்டியவர்கள்தான். எழுத்தர் நாற்காலியில் யார், கப்பலின் அடியறையில் யார் என்ற சாதி ஏணியைப் போர்டு உடைக்கவில்லை. சங்கங்களுக்குள்ளும் சாதி இருந்தது. கலாசிகளின் பெயர்கள் சங்க மலர்களில்கூட அதிகம் இல்லை. ஆனாலும் விரலுக்கும் எண்ணுக்கும் உள்ள வித்தியாசம் சின்னது அல்ல. விரலைக் கேள்வி கேட்க முடியாது. எண் தவறினால் பதிவேட்டைத் திறந்து கேட்கலாம், வழக்குப் போடலாம், சங்கம் கூடலாம்.

மறுபடியும் வாசலில்

இதை ஏன் இப்போது எழுத வேண்டும்? அந்தப் பதிவேட்டை மூடிவிட்டார்கள் என்பதால்.

பிரிட்டன் தன் திட்டத்தை 1989இல் தாட்சர் காலத்தில் ரத்து செய்தது. இந்தியாவில் 1997இல் வந்த சட்டம், பெரிய துறைமுகங்களில் 1948 சட்டத்தைப் பொருந்தாமல் ஆக்கி, போர்டுகளைத் துறைமுகங்களோடு இணைக்க வழி செய்தது. 2001இல் சென்னையின் கன்டெய்னர் முனையம் தனியார் கைக்குப் போனது. 2021இல் நடைமுறைக்கு வந்த பெரிய துறைமுக ஆணையங்கள் சட்டத்தின் வழியும் இதுதான். துறைமுகம் நில உரிமையாளராக இருக்கும், தளங்களைத் தனியார் நடத்துவார்கள்.

கன்டெய்னர் வந்த பிறகு அத்தனை கைகள் தேவையில்லை என்பது உண்மை. உலகம் முழுக்க அப்படித்தான். ஆனால் மிச்சம் இருக்கும் வேலைகளை யாருக்கு, எந்த முறையில் தருவது என்பதை இயந்திரம் முடிவு செய்யவில்லை, மனிதர்கள் முடிவு செய்கிறார்கள். அரசுத் துறைமுகத்தில் ஒரு இடம் காலியானால் பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்டோர் இடஒதுக்கீடு பொருந்தும். அதே குளத்தில், அதே சுவரில், பக்கத்துத் தளம் தனியாருடையது என்றால் பொருந்தாது. அரசியல் சட்டத்தின் 16(4) பிரிவு அரசு வேலையைப் பற்றித்தான் பேசுகிறது. ஆக, ஒரு தளத்தைக் குத்தகைக்கு விடும்போது கிரேனும் கிடங்கும் மட்டும் கைமாறவில்லை, நம்முடைய இடஒதுக்கீடும் சத்தமில்லாமல் கைமாறுகிறது. யாரும் ‘இடஒதுக்கீட்டை ஒழிக்கிறோம்’ என்று சட்டம் போட வேண்டியதில்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால் போதும்.

என் சித்தப்பா மகன் ஒரு ஒப்பந்தக்காரர் வழியாக ஒரு முனையத்தில் வேலை பார்க்கிறான். ஐடிஐ படித்தவன். எந்த முனையம், எந்த ஒப்பந்தக்காரர் என்று சொன்னால் அவன் வேலை போய்விடும். ராத்திரி பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் செய்தி வரும், நாளைக்கு யார் யார் வரலாம் என்று. பட்டியலில் பெயர் இல்லையென்றால் காரணம் கிடையாது, கேட்க ஆளும் கிடையாது. தாத்தாவுக்கு வாசலில் தெரிந்த விரல் இவனுக்குக் கண்ணில்கூடப் படுவதில்லை. மேஸ்திரி போனுக்குள் போய்விட்டார். ‘ஏமாற்றக் காசு’ என்று ஒன்று இருந்தது என்று அவனிடம் சொன்னேன். நம்பவில்லை.

தகுதி பேசுகிறவர்களுக்கு

இங்கேதான் வழக்கமான பல்லவி வரும். தனியார் நிறுவனத்தில் தகுதிதான் பார்ப்பார்கள், இடஒதுக்கீடு கேட்டால் திறமை கெடும் என்று.

அவர்களைத் துறைமுகத்தின் பெர்த் பட்டியலைப் பார்க்கச் சொல்கிறேன். முதலில் வந்த கப்பலுக்கு முதல் இடம் என்று எந்தத் துறைமுகமும் கண்ணை மூடிக்கொண்டு தருவதில்லை. ஆழம் அதிகம் தேவைப்படும் கப்பலுக்கு ஆழமான தளத்தை ஒதுக்கி வைப்பார்கள். உள்நாட்டுக் கடலோரக் கப்பல்கள் பெரிய வெளிநாட்டுக் கப்பல்களோடு போட்டி போட முடியாது என்பதால், அவற்றுக்கு முன்னுரிமை தரச் சொல்வது மத்திய அரசின் கொள்கை. சில வகைக் கப்பல்களுக்காக ஏற்கெனவே நிற்பதை எழுப்பிவிட்டு இடம் தரும் விதிகூட உண்டு. காலனிய காலத்தில் தபால் கப்பலுக்கும் அரசுக் கப்பலுக்கும் வழிவிட்டு மற்றவை காத்திருந்தன. இதையெல்லாம் பார்த்து எந்தப் பேராசிரியரும் கப்பல்களின் தகுதி கெட்டுவிட்டது என்று கட்டுரை எழுதியதில்லை. இருக்கும் இடம் குறைவு, தேவைகள் வேறு வேறு, பலமும் வேறு வேறு. ஆகவே பங்கீட்டுக்கு விதி வேண்டும் என்பது துறைமுகத்தில் எல்லோருக்கும் புரிகிறது. கப்பலுக்குப் புரியும் நியாயம் கலாசியின் பேரனுக்கு என்று வந்ததும் புரியாமல் போய்விடுகிறது.

‘தனியாரை எப்படிக் கட்டாயப்படுத்த முடியும்?’ என்பது அடுத்த கேள்வி. தனியார் கல்வி நிறுவனங்களிலும் இடஒதுக்கீட்டுக்கு வழி திறந்து 2005இல் அரசியல் சட்டத்தின் 93ஆவது திருத்தம் வந்தது. கல்லூரிக்குத் திருத்த முடிந்த சட்டத்தை வேலைக்குத் திருத்த முடியாதா? அதுவரைக்கும் காத்திருக்கவும் வேண்டியதில்லை. நிலம் மக்களுடையது, சுவர் மக்களுடையது, ஆழப்படுத்திய கால்வாய் மக்கள் பணம். இவற்றைக் குத்தகைக்கு விடும் ஒப்பந்தத்தில் எத்தனை டன் சரக்குக் கையாள வேண்டும் என்று எழுத முடிகிறது. எத்தனை சதவீத வேலை யாருக்கு என்றும், ஒப்பந்தத் தொழிலாளருக்குப் பதிவேடும் சுழற்சி முறையும் வேண்டும் என்றும் ஒரு பத்தி எழுத முடியாதா? முடியும். கேட்பதற்கு ஆள் இல்லை, அவ்வளவுதான். நம்முடைய இயக்கங்கள் பல்கலைக்கழக நியமனங்களுக்குப் போராடுகின்றன, சரிதான், நானும் கொடி பிடித்திருக்கிறேன். துறைமுகம், விமான நிலையம், மின்சாரம் என்று குத்தகைக்குப் போகும் ஒவ்வொன்றிலும் நாம் இழக்கும் நியமனங்களை யாராவது கணக்கெடுக்கிறோமா? தொழிற்சங்கங்கள் நிரந்தரப்படுத்தலைக் கேட்கின்றன, சாதிக் கணக்கைக் கேட்பதில்லை. நாம் சாதிக் கணக்கைக் கேட்கிறோம், வாசலில் நிற்கும் ஒப்பந்தத் தொழிலாளியைப் பார்ப்பதில்லை. இரண்டு பேரும் சேர்ந்து பிடிக்க வேண்டிய வடம் இது.

சென்னைத் துறைமுகத்தின் பழைய குளத்துக்கு, அதாவது இளவரசர் அடிக்கல் நாட்டி, புயல் பெயர்த்து, திரும்பக் கட்டிய அந்தக் குளத்துக்கு, இன்றைய பெயர் டாக்டர் அம்பேத்கர் டாக். பெயர் வைத்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அவர் பெயரில் உள்ள குளத்தில் அணையும் கப்பலுக்கு முறை இருக்கிறது, அதே துறைமுகத்தின் தனியார் தளத்தில் வேலை கேட்டு நிற்கும் பிள்ளைக்கு முறை இல்லை என்றால், அந்தப் பெயர்ப் பலகை யாருக்காக?

பேராசிரியர் அவர்களே, நீங்கள் தேநீர் இடைவேளையில் நின்றிருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பேன். சாதியை நீராவிக் கப்பல் ஒழிக்கவில்லை. அது எங்களைக் கடலுக்கு வரவழைத்தது, வாசலில் நிற்க வைத்தது, இரண்டு விரல்களை எடுத்துக்கொண்டது. எங்களை உள்ளே விட்டது ஒரு பதிவேடு. அதைப் போராடி வாங்கினோம். இப்போது அது மூடிக் கிடக்கிறது.

நேற்று தாத்தாவின் வில்லையை எடுத்துப் புளி போட்டுத் தேய்த்தேன். எண் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. சித்தப்பா மகன் விடுமுறைக்கு வந்திருந்தான், வாங்கிப் பார்த்தான். “இந்த மாதிரி எங்களுக்கும் ஒண்ணு வேணும்” என்றான். பேசிக்கொண்டிருக்கும்போதே அவன் போன் அடித்தது. பட்டியல் வந்துவிட்டதா என்று பார்க்க, டவர் கிடைக்கும் இடம் தேடி ஆற்றுப் பாலத்துக்கு ஓடினான்.